பந்தில் தொடங்கும் படிப்பு: நெல்லைப் பிள்ளைகளுக்கு அனிமேஷன் அறிமுகம்

அனிமேஷன் வகுப்பில் சேரும் மாணவனுக்கு முதலில் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் ஒரு பந்துதான். டிராகனும் பறக்கும் கப்பலும் செய்யும் ஆசையோடு வந்தவனிடம், “ஒரு ரப்பர் பந்து மேலிருந்து விழுந்து, துள்ளி, அடங்க வேண்டும். அதை மட்டும் செய்து காட்டு” என்பார்கள். அவன் முகம் வாடிப்போகும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பந்து இன்னும் ஒழுங்காக விழுந்திருக்காது.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நான்கு அடி உயரத்திலிருந்து கைவிட்ட பந்து தரையைத் தொட ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அதாவது 12 பிரேம். புதிதாக வந்தவன் கணக்குப் போட்டு, பிரேமுக்கு நான்கு அங்குலம் என்று சமமாகப் பந்தை இறக்குவான். ஓட்டிப் பார்த்தால் பந்து விழாது. கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கியது போலச் சீராக வந்து சேரும். நிஜப் பந்து அப்படி வருவதில்லை. முதல் 6 பிரேமில் அது இறங்குவது ஒரே ஓர் அடி. மீதி மூன்று அடியையும் அடுத்த 6 பிரேமில் கடந்துவிடுகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்துவிட்டுப் பரீட்சை முடிந்ததும் மறந்துபோன புவியீர்ப்பு முடுக்கம் இங்கே திரும்ப வந்து நிற்கிறது.

தரையில் பட்ட பிறகுதான் வேடிக்கை. விழும்போது இரும்புக் குண்டும் ரப்பர் பந்தும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விழுகின்றன. கனமான பொருள் வேகமாக விழும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ரப்பர் பந்து தரையில் ஒரு பிரேம் நசுங்கி, மறு பிரேமில் நீண்டு, மூன்றடி மேலே போய், அடுத்து அதைவிடக் குறைவாக, அடுத்து இன்னும் குறைவாக எழும்பும். இரும்புக் குண்டு ஓர் அங்குலம் துள்ளி, உருண்டு நின்றுவிடும். இரண்டுக்கும் வரைந்தது ஒரே வட்டம். பார்ப்பவனுக்குக் கனம் தெரிவது வட்டத்தால் அல்ல, பிரேமுக்குப் பிரேம் விட்ட இடைவெளியால். அனிமேஷன் கல்வியின் பாதி இந்த ஒரு பாடத்துக்குள் இருக்கிறது என்பேன்.

அசையாமல் நிற்கும் படங்கள் நமக்கு ஏன் ஓடுவது போலத் தெரிகின்றன? விழித்திரையில் ஒரு படம் கொஞ்ச நேரம் தங்கிவிடுகிறது, அதனால்தான் என்று இன்னும் பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அது பழைய விளக்கம். மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-ல் செய்த ஆய்வுகளுக்குப் பின் கவனம் மூளையின் பக்கம் திரும்பியது: அடுத்தடுத்து வரும் இரண்டு நிலைகளுக்கு நடுவே ஓர் அசைவை மூளையே கட்டிக்கொள்கிறது. அனிமேட்டர் அந்த மூளைக்குச் சரியான துப்பு கொடுக்கிறவர்.

அப்படியானால் ‘டிஜிட்டல்’ எங்கே வருகிறது? பழைய முறையில் மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அவை கீ பிரேம்கள். இடையில் வர வேண்டியவற்றை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். செலவைக் குறைக்க ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து, விநாடிக்கு 12 படத்தில் முடிப்பதும் வழக்கம். கணினி வந்ததும் அந்த இடைநிரப்பு வேலையைப் பெருமளவு அது எடுத்துக்கொண்டது. பந்து மேலே ஒரு கீ, தரையில் ஒரு கீ என்று கொடுத்தால் நடுவில் உள்ளதை அதுவே போட்டுவிடும். ஆனால் விழும் பந்து எப்படி விழும் என்று அதற்குத் தெரியாது. தரையை நெருங்கும்போது வேகம் கூட வேண்டும் என்பதை, திரையில் அசைவைக் காட்டும் வளைகோட்டைப் பிடித்து இழுத்து மனிதன்தான் சொல்ல வேண்டும். மென்பொருளின் பொத்தான்களை மனப்பாடம் செய்தவனுக்கும் அனிமேட்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்த வளைகோட்டில் தெரிந்துவிடும்.

தேரும் சிற்பமும்

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் கூடம் பல பத்தாண்டுகளில் கண்டறிந்த உத்திகளை 12 விதிகளாக 1981-ல் எழுதி வைத்தார்கள். உலகம் முழுவதும் அனிமேஷன் வகுப்புகள் அவற்றைத்தான் முதல் பருவத்தில் நடத்துகின்றன. பன்னிரண்டையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் மூன்று நான்கு விதிகள் கண்முன்னே நிற்கும்.

வடம் பிடித்தவர்கள் இழுக்கத் தொடங்குகிறார்கள். தேர் உடனே நகர்வதில்லை. முதலில் வடம் விறைக்கிறது, உடல்கள் சாய்கின்றன, பாதங்கள் தரையை அழுத்துகின்றன. எந்தப் பெரிய அசைவுக்கும் முன்னால் இப்படி ஓர் ஆயத்தம் உண்டு. அதைக் காட்டாமல் விட்டால் பாத்திரம் ஏதோ மந்திரத்தில் நகர்ந்தது போல இருக்கும். பிறகு தேர் அசைகிறது, மெதுவாக. அப்புறம் வேகம் பிடிக்கிறது. நிற்கும்போது முட்டுக்கட்டை போட்டாலும் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் ஊர்ந்து நிற்கிறது. மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குவது இரண்டாவது விதி. சக்கரம் நின்றுவிட்டது, ஆனால் மேலே தொங்கும் துணித் தொம்பைகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன, தேர்ச்சீலை அலைகிறது. உடல் நின்ற பின்னும் அதோடு இணைந்தவை தொடர்ந்து அசைவது மூன்றாவது விதி. ஒரு பெண் திரும்பிப் பார்க்கும் காட்சியில் பின்னலும் ஜிமிக்கியும் முகத்தோடு சேர்ந்தே நின்றுவிட்டால் அனிமேட்டர் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

இன்னொரு பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது: கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். ரதி, கர்ணன், வீரபத்திரர் என்று ஆளுயரத்தில் தூணோடு தூணாக நிற்கிறார்கள். எல்லோரும் நகையின் நுணுக்கத்தையும் நகத்தின் கூர்மையையும் வியந்துவிட்டுப் போவார்கள். அனிமேஷன் மாணவன் அங்கே பார்க்க வேண்டியது வேறு. இளவரசனைத் தோளில் தூக்கிச் செல்லும் குறத்தியைப் பாருங்கள். ஏறியிருக்கும் கனத்துக்குத் தக்கபடி அவள் இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, எந்தக் கால் பாரத்தை வாங்குகிறது, எந்தக் கால் அடுத்த அடிக்குக் காத்திருக்கிறது? தலை முதல் குதிகால் வரை உடல் முழுவதும் ஓடும் ஒரு வளைவு உண்டு. பென்சிலால் அந்த ஒரு கோட்டை முதலில் இழுத்துவிட்டு, பிறகு கைகால்களைச் சேர்க்கப் பழகினால் உருவங்கள் கம்பம் போல நிற்பது குறைந்துவிடும். கோயில் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு ஒரு காலைப் பொழுது அங்கே உட்கார்ந்து வரைவது, இணையத்தில் இருபது காணொளி பார்ப்பதைவிட மேல்.

பறவையின் அசைவு படிக்க வேண்டுமானால் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். கூழைக்கடா நீரிலிருந்து எழும்பும்போது எவ்வளவு பாடுபடுகிறது என்று கவனியுங்கள்: கால்களால் நீரை உதைத்துக்கொண்டே ஓடி, சிறகைப் பலமாக அடித்து, அப்புறம்தான் மேலே வருகிறது. மேலே போனதும் அதே பறவை சிறகை அசைக்காமல் மிதக்கும். ஒரே உடல், இரண்டு விதமான காலக் கணக்கு.

“எனக்கு வரையவே வராது, அனிமேஷன் படிக்கலாமா?” என்று கேட்காத மாணவனை நான் பார்த்ததில்லை. ஓவியப் போட்டியில் பரிசு வாங்குகிற மாதிரி முகச்சாயல் பிடித்து வரைய வேண்டிய அவசியம் இல்லை. ஜங்ஷன் ரயில் நிலைய நடைமேடையில் மூட்டையோடு நிற்பவரை அரை நிமிடத்துக்குள் பத்துக் கோட்டில் பிடிக்கத் தெரிந்தால் போதும். அவர் நகர்ந்துவிடுவார், படம் முடிந்திருக்காது. பரவாயில்லை, அடுத்தவரை வரையுங்கள். இப்படி நிறைந்த நோட்டுப் புத்தகங்களைத்தான் நல்ல கல்லூரிகள் நேர்முகத்தில் கேட்டு வாங்கிப் புரட்டுகின்றன.

ஒரு பாட்டி, ஒரு பாய், நான்கு விநாடி

ஒரு முழுப் படம் எப்படி உருவாகிறது என்பதைப் பெரிய படத்தை வைத்துச் சொன்னால் தலை சுற்றும். நான்கு விநாடிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு முற்றத்தில் ஒரு பாட்டி சுருட்டிய பத்தமடைப் பாயை உதறி விரிக்கிறாள். அவ்வளவுதான். மொத்தம் 96 பிரேம்.

முதலில் ஸ்டோரிபோர்டு. கேமரா எங்கே இருக்கிறது? பாட்டியின் முகத்தைக் காட்டப் போகிறோமா, பாய் விரிவதையா? கதையில் இந்தக் காட்சி எதற்கு? இரவில் பேரன் வந்து படுக்கப்போகிறான் என்றால் பாட்டியின் அவசரமும் ஆசையும் தெரிய வேண்டும். கேமரா அவள் பக்கம் போகும். வரைந்த கட்டங்களை ஒலியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது அனிமேட்டிக். கதை நொண்டினால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். காகிதத்தில் திருத்துவதற்குச் செலவு கிடையாது. மாணவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டுத் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான்.

அடுத்து மாடலிங்: பாட்டியின் உருவம், முற்றம், திண்ணை, பாய். மாடல் வெறும் சாம்பல் நிறச் சிலையாக நிற்கும். அதன்மேல் தோலின் சுருக்கம், சேலையின் நிறம், கோரைப் பின்னலின் வரிகள் எல்லாம் ஏற்றுவது டெக்ஸ்சரிங். பத்தமடைப் பாயின் பின்னல் எத்தனை நெருக்கம் என்று நிஜப் பாயைக் கையில் வைத்துப் பார்த்தவர் செய்ததும், படத்தில் பார்த்துச் செய்ததும் ஒன்றாக இருக்காது.

பிறகு ரிக்கிங். சிலைக்குள் எலும்புக்கூடு பொருத்தி, எந்த மூட்டு எவ்வளவு வளையும், எந்தக் கட்டுப்பாட்டை இழுத்தால் புருவம் உயரும் என்று ஏற்பாடு செய்யும் வேலை. தென் மாவட்டங்களில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பதப்படுத்திய தோலில் வெட்டிய பாவைக்குத் தோளிலும் முழங்கையிலும் தனித்துண்டுகளை நூலால் இணைத்து, குச்சியால் அசைப்பார்கள். எந்த மூட்டு அசைய வேண்டும், எது அசையக் கூடாது என்று பாவை செய்பவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். ரிக்கர் செய்வதும் அதுவே. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி கத்தரித்த நிழலுருவங்களை மட்டுமே வைத்து 1926-ல் முழுநீள அனிமேஷன் படம் எடுத்தார். இன்றைய 2டி மென்பொருள்களில் ‘கட் அவுட்’ என்ற முறையாக அந்த மரபு தொடர்கிறது.

இப்போதுதான் அனிமேஷன். பாட்டி பாயின் இரு முனையைப் பிடிக்கிறாள். உதறும் முன் கைகள் சற்றுக் கீழே இறங்கும். பிறகு மேலே போகும். கை மேலே போன கணத்தில் பாயின் கையருகே உள்ள பகுதிதான் மேலே போகிறது. நடுப்பகுதி இன்னும் கீழே. கடைசி முனை மடங்கியே கிடக்கிறது. கை கீழே வரத் தொடங்கும்போது அலை நடுவுக்குப் போயிருக்கும். கை நின்ற பிறகு முனை ‘படீர்’ என்று விரியும். கைக்கும் முனைக்கும் நடுவே நான்கைந்து பிரேம் தாமதம் வைக்காவிட்டால், பாட்டி பாயை அல்ல, பலகையை ஆட்டுவது போல இருக்கும். துணிக்கு ஒரு தாமதம், கோரைப் பாய்க்கு ஒரு தாமதம். பாய் கொஞ்சம் விறைப்பு. உதறியதும் பாட்டி ஒரு நொடி இடுப்பில் கை வைத்து நிமிர்வாள். அந்த நிமிர்வில்தான் அவள் வயது இருக்கிறது.

அவள் வாய் திறந்து பேரனைக் கூப்பிட்டால் உதட்டசைவும் வேண்டும். தமிழுக்கு இதில் நல்ல பயிற்சி கிடைக்கும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும்; குறைந்தது இரண்டு பிரேமாவது மூடிய உதட்டை வைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வ வந்தால் கீழுதடு மேற்பல்லைத் தொடும். உ, ஓ குவியும். ழ உள்ளே நடக்கும் வேலை, வெளியே ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நெல்லைப் பேச்சில் ‘என்னலே’ என்று இழுத்துக் கூப்பிடும்போது கடைசி ‘ஏ’ மட்டுமே அரை விநாடி நிற்கும். 12 பிரேமும் வாய் திறந்தபடி இருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வாய் என்று மாற்றிக்கொண்டே போனால் பாத்திரம் பாக்கு மெல்லுவது போலாகிவிடும்.

ஒளியமைப்பு: மாலை வெயில் எந்தப் பக்கம் வருகிறது, திண்ணையின் நிழல் எங்கே விழுகிறது. பிறகு ரெண்டர். கணினி ஒவ்வொரு பிரேமையும் ஒளி, நிழல், நிறம் கணக்கிட்டு முழுப் படமாக எழுதும். ஒரு பிரேமுக்கு 15 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 96 பிரேமுக்கு 1440 நிமிடம்: சரியாக ஒரு நாள். நான்கு விநாடிக்கு ஒரு நாள்! இருபத்து மூன்றாம் மணி நேரத்தில் கரண்ட் போனால்? நேராக வீடியோ கோப்பாக எழுதச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் எல்லாம் போச்சு. பிரேம் பிரேமாகத் தனித்தனிப் படக் கோப்புகளாக எழுதச் சொல்லியிருந்தால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். யுபிஎஸ் வாங்கக் காசு இல்லாத வீட்டுக்கு இந்த ஒரு பழக்கமே பாதிக் காப்பு.

கடைசியில் கம்பாசிட்டிங்: பாட்டி, பின்னணி, தூசி, நிழல் என்று தனித்தனியாக வந்த அடுக்குகளை ஒன்றாக்கி நிறம் சேர்ப்பது.

வேலை எங்கே?

மேலே சொன்ன ஒவ்வொரு படியும் ஒரு தனி வேலை. பெரிய ஸ்டுடியோவில் மாடல் செய்பவர் அசைவைத் தொடமாட்டார். அசைப்பவர் ஒளியைத் தொடமாட்டார். கல்லூரியில் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குள் எது தன் கைக்கு வருகிறது என்று கண்டுகொள்ள வேண்டும்.

“அண்ணாச்சி, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று கேட்கும் அப்பாக்களுக்கு மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும், ஆனால் விளம்பரத்தில் காட்டும் வேலை முதலில் கிடைக்காது. சென்னையிலோ ஹைதராபாத்திலோ சேரும் புதியவர்கள் பலருக்கு முதல் இருக்கை ரோட்டோ பிரிவில்தான். நிஜமாக எடுத்த காட்சியில் நடிகரின் விளிம்பை ஒவ்வொரு பிரேமிலும் கோடு கட்டிப் பிரித்தெடுப்பது ரோட்டோ. கயிறு, கம்பிகளை அழிப்பது பெயின்ட். அலுப்பூட்டும் வேலை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கைவைப்பதும் இங்கேதான். ஆகவே ரோட்டோ மட்டும் கற்றுத் தரும் ஆறு மாதப் பயிற்சியில் பணத்தைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பந்து ஏன் தப்பாக விழுகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்குக் கருவி மாறினாலும் வேலை இருக்கும். கருவி தரும் அசைவிலும் அதே தப்பு இருக்கத்தான் செய்கிறது.

சினிமா ஒன்றே இலக்கு என்று நினைக்கவும் வேண்டாம். கணினி விளையாட்டு, மருத்துவக் கல்விப் படங்கள், கட்டிட நிறுவனங்களுக்குக் கட்டாத வீட்டைச் சுற்றிக் காட்டும் படங்கள், செய்தித் தொலைக்காட்சி கிராபிக்ஸ், பாடக் காணொளிகள் என்று வேலை பரந்து கிடக்கிறது. எழுத்தையும் உருவங்களையும் அசைத்துச் செய்யும் மோஷன் கிராபிக்ஸுக்கு ஊரை விட்டுப் போகவே வேண்டாம். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை விளம்பரத்திலிருந்து தொடங்கலாம். இன்னொன்று: நெல்லைக்காரர்கள் வேலை என்றதும் 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னையைப் பார்க்கிறார்கள். சுமார் 150 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது. அங்கே டெக்னோபார்க்கில் டூன்ஸ் நிறுவனம் 1999 முதல் அனிமேஷன் செய்துவருகிறது.

வேலை கேட்டுப் போகும்போது மதிப்பெண் பட்டியலை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பார்ப்பது ஷோரீல், அதாவது தான் செய்த நல்ல காட்சிகளைத் தொகுத்த சிறு காணொளி. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஆகச் சிறந்த காட்சி முதலில் வர வேண்டும். பார்ப்பவர் பத்து விநாடியில் முடிவு செய்துவிடுவார். நண்பர்களோடு சேர்ந்து செய்த படமானால் தான் செய்தது எது என்று திரையிலேயே எழுதிவிட வேண்டும். காணொளிப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்த அதே டோனட், அதே ரோபோ எல்லோருடைய ரீலிலும் இருக்கின்றன. தேர்ந்தெடுப்பவர் அதை நூறு முறை பார்த்திருப்பார். பாயை உதறும் பாட்டியைப் பார்த்திருக்க மாட்டார். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவியின் தாளத்துக்கு ஆடும் காலடியையும், கோயில் கொடை விழாவில் அருள் வந்து ஆடுபவரின் தோள் குலுங்கலையும் அசைத்துக் காட்டுபவர் இன்னும் நிறைய பேர் வரவில்லை.

எங்கே சேர்வது?

படிப்பின் பெயர்கள் குழப்பும். பி.எஸ்சி. அனிமேஷன் என்று நேரடிப் பட்டம் உண்டு. பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம், புகைப்படம், விளம்பரம், ஒளிப்பதிவோடு அனிமேஷனையும் ஒரு பங்காகத் தொட்டுக்காட்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வட்டாரத்துக் கல்லூரிகள் சிலவற்றில் விஸ்காம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதில் அனிமேஷன் ஒன்றிரண்டு தாள்களோடு நின்றுவிடும். மீதியை மாணவன் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், காட்சி விளைவுகளுக்கென்றே நான்கு ஆண்டு காட்சிக்கலைப் பட்டப் படிப்பு உண்டு. அரசு நிறுவனம், கட்டணமும் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் படவடிவமைப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறையில் முதுகலை அளவில் அனிமேஷன் படிக்கலாம். ஐஐடிகளில் இளநிலை வடிவமைப்புப் பட்டத்துக்கு யுசீட் என்ற நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் கணக்கோ அறிவியலோ எடுத்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்பதில்லை. வணிகவியல் மாணவரும் எழுதலாம். தேர்வில் வரையச் சொல்லும் பகுதி உண்டு, நினைவிருக்கட்டும்.

தனியார் பயிற்சி மையங்களின் டிப்ளமோக்களைப் பற்றி என் கருத்து கலவையானது. நல்ல ஆசிரியர் வாய்த்தால் இரண்டு ஆண்டில் கையைத் தேற்றிவிடுவார்கள். ஆனால் ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் செய்த குறும்படங்களைக் காட்டச் சொல்லுங்கள். சுவரொட்டியில் ஒட்டியிருக்கும் ஹாலிவுட் படங்களை அல்ல. ஆசிரியர் எந்த ஸ்டுடியோவில் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். வகுப்பு நேரம் முடிந்த பிறகு ஆய்வகம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மென்று விழுங்குவார்கள். ரெண்டருக்கு ஒரு நாள் ஆகும் படிப்பில் மாலை நான்கு மணிக்குப் பூட்டும் ஆய்வகத்தை வைத்து என்ன செய்வது?

பட்டம் வேண்டுமா, டிப்ளமோ போதுமா என்றால், கையில் திறமை இருந்தால் ஸ்டுடியோவுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்கு ஒன்றல்ல. அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் வங்கிக் கல்விக் கடன் எளிது, மேலே முதுகலை படிக்கலாம், மனம் மாறினால் டிஎன்பிஎஸ்சியும் எழுதலாம். அம்மாக்கள் கடைசிக் காரணத்துக்காகவே சம்மதிப்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

இன்றே தொடங்க

விலையுயர்ந்த லேப்டாப்பை முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டாம். விழும் பந்துக்கும் துள்ளும் பந்துக்கும் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது. 2டி வரைய கிரிட்டா, 3டிக்கு பிளெண்டர். இரண்டும் இலவசம், திருட்டுப் பிரதியும் இல்லை. இலவசமென்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற லாத்வியா நாட்டு இயக்குநரின் படம் பிளெண்டரிலேயே உருவானது. பெரிய ஸ்டுடியோக்களில் புழங்கும் மாயா என்ற 3டி மென்பொருளுக்கு மாணவர்களுக்கான இலவச உரிமம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை ஒரு செல்போன் போதும். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்கள் வீட்டில் இருந்தால் மேசைமேல் வையுங்கள். போனை அசையாமல் நிறுத்தி, ஒரு படம் எடுத்து, குடத்தைக் கால் அங்குலம் நகர்த்தி, அடுத்த படம். விநாடிக்கு 12 படம் என்றால் பத்து விநாடிக்கு 120 படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடியும். ஜன்னல் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். மேகம் வந்து போகும்போதெல்லாம் படம் மினுக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழல் விளக்கோ மேசை விளக்கோ போட்டு, போனில் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். குடம் கிளம்பும்போது சின்ன நகர்த்தல், நடுவில் பெரிய நகர்த்தல், நிற்கும்போது மறுபடி சின்ன நகர்த்தல். தேர் நினைவிருக்கிறதல்லவா?

பிளஸ் டூ படிப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை, தேதியைப் பற்றியது. பரீட்சை முடிவு வந்த பிறகு விசாரிக்கலாம் என்று பெரும்பாலோர் இருந்துவிடுகிறார்கள். யுசீட் தேர்வு ஜனவரியிலேயே நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் முடிந்துவிடும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதற்கட்டத் தேர்வும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். காலாண்டுப் பரீட்சை விடுமுறையிலேயே இரண்டின் இணையதளத்தையும் திறந்து தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தரமணி நிறுவனத்துக்கும் ஊர்ப்பக்கக் கல்லூரிகளுக்கும் பிளஸ் டூ முடிவை ஒட்டி விண்ணப்பம் வரும். அந்த இடைப்பட்ட மாதங்களில் வரைந்து நிறைத்த நோட்டையும், சொப்பு நகரும் பத்து விநாடிப் படத்தையும் நேர்முகத்துக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள்.